அமராவதி ஜிலேபி மீன்களும் என் மகளின் ரத்தப் பரிசோதனையும்

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை, அரையாண்டு விடுமுறையில், மகள் நிலோஃபரை அழைத்துக்கொண்டு அமராவதி அணைக்குப் போய்வந்தேன். ஊர் சுற்றும் ஆசை பாதிதான். மீதிப் பாதி, டாக்டர் சொன்ன ஒரு சொல்.

நிலோஃபருக்கு வயது பதினொன்று, உயரம் 121 சென்டிமீட்டர். உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் போதுமான அளவு சுரக்கவில்லை என்று எட்டு மாதங்களாகத் தினமும் ஊசி போடுகிறோம். போடுவது அப்பாவான நான்தான். நவம்பரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஊசி வேலை செய்கிறதா என்று காட்டும் ஐஜிஎஃப் அளவு ஏறவே இல்லை. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் மருந்தை மாற்றி யோசிக்க வேண்டும் என்றார் டாக்டர். ஐஜிஎஃப் என்ற அந்தச் சொல்லை முன்பே கேட்டிருக்கிறேன். என் கல்லூரித் தோழி செல்வி, மீன்களின் வளர்ச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்தபோது, அதையேதான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அணைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மீன்குஞ்சுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறாள். மீன்களை அளந்து பார்க்கும் நாளில் வரச் சொல்லியிருந்தாள்.

காலை 6.10க்கு கோவை உக்கடத்தில் பஸ். உடுமலைக்கு எழுபது கிலோமீட்டர், எனக்கு அறுபது ரூபாய், மகளுக்கு அரை டிக்கெட். “பாப்பாவுக்கு டிக்கெட் வேணுங்களா, எத்தனை வயசுங்க?” என்று நடத்துநர் கேட்டார். சொன்னேன். நம்பாமல் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிழித்தார். நிலோஃபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொள்ளாச்சி தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்குள் பனி இறங்கியிருந்தது. மரங்களுக்கு அடி இல்லை, தலை மட்டும் மிதந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு போனோம். 8.15க்கு உடுமலை. இட்லி சாப்பிட்டோம், அவள் ஒன்றைப் பிட்டுப் பாதியை வைத்துவிட்டாள். சின்ன உடம்பு, சின்ன வயிறு என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம்.

பண்ணையில் செல்வி ரப்பர் செருப்போடு தண்ணீரில் நின்றிருந்தாள். எதிரே இரண்டு தொட்டிகள், இரண்டிலும் ஒரே நாளில் பிறந்த ஜிலேபி மீன்கள். ஒரு வாளித் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட்டு, மீன்களை அதில் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் துடுப்பசைவு நின்று, ஒவ்வொன்றாய்ச் சாய்ந்து தூங்கின. கிராம்பு வாசனை காற்றில் நின்றது. தூங்குகிற மீனை ஈரப் பலகையில் கிடத்தி, நீளம் பார்த்து, நல்ல தண்ணீரில் விட்டால் அது கனவிலிருந்து எழுந்த மாதிரி ஒரு நொடி தயங்கி, பிறகு நீந்திப் போனது. நிலோஃபர் இரண்டு கைகளாலும் மீன்களை வாங்கி வாங்கி விட்டாள். அவள் முகம் அப்படி இருந்து பல நாளாயிற்று.

ஒரு தொட்டி மீன்கள் என் உள்ளங்கையை நிறைத்தன. இன்னொரு தொட்டியில் விரல் நீளம்தான். சின்னதுகளுக்கு ஹார்மோன் குறைவா என்று கேட்டேன்.

“இல்லீங்க, அதுகளுக்குத்தான் ரத்தத்துல ஹார்மோன் ஜாஸ்தி இருக்கும்” என்றாள் செல்வி. “தலைக்குள்ள கடுகாட்டம் ஒரு சுரப்பி. வளருன்னு சேதி அனுப்பறது அதுதான். அந்தச் சேதி ஈரலுக்குப் போயி, ஈரல் ஐஜிஎஃப்ப செஞ்சு அனுப்போணும். அப்பத்தான் சதையும் எலும்பும் நல்லா வளரும். இந்தத் தொட்டிக்குத் தீனியக் குறைச்சுப் பாத்தோம். பட்டினி கெடந்தா ஈரல் அந்தச் சேதிய எடுத்துக்காது. ஐஜிஎஃப் வராது. அது வந்தாத்தான் ‘போதும்’னு சுரப்பிக்குத் தெரியும். வராததுனால சுரப்பி அனுப்பிட்டே இருக்கும், மீனு வளராது.”

மறுபடி தீனி போட்டால் என்று கேட்டேன். ஈரல் மெல்ல வழிக்கு வரும், விட்டதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும் என்றாள். மீன் வேறு, பிள்ளை வேறு, எதுவானாலும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள். நிலோஃபர் ஈரக் கையைத் துடைக்காமல் சின்ன மீன்களின் தொட்டியருகே நின்றிருந்தாள்.

மதியம் அணைக்கட்டில் ஏறினோம். மலையும் நீரும் ஒரே சாம்பல் நீலம், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. 2.40க்குத் திரும்பும் பஸ். கல்லாபுரம் வயல்கள் போய்க்கொண்டிருந்தபோது, நிலோஃபர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அத்தா, பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோத்த நாய்க்குப் போட்டுர்றேன். ஜூன்ல இருந்து.”

ஏன் என்று கேட்டேன். வகுப்பில் யாரோ சொன்னார்களாம், அவளைப் போன்ற குள்ளப் பெண்கள் சாப்பிட்டால் அகலமாகத்தான் ஆவார்கள் என்று. “ஊசி உசரமாக்கும், சோறு குண்டாக்கும்னு நெனச்சேன்” என்றாள். “தீனி இல்லாம வளர முடியாதுன்னு அந்த மீனுக்கும் தெரியாமத்தான இருந்துச்சு.”

திட்டவில்லை. மாதாமாதம் சுவரில் நிறுத்தி உயரம் பார்த்தேன், ஊசியைக் குளிர்ப்பெட்டியில் காத்தேன், தட்டை மட்டும் பார்க்கவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். பஸ் நிறைய ஆட்கள். யாரும் எங்களைப் பார்க்காதது போல இருந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னோம். அவர் மருந்தின் அளவைத் தொடவில்லை. உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். வகுப்பு ஆசிரியையிடம் என் மனைவி பேசினாள். மார்ச் மாத ரிப்போர்ட்டில் ஐஜிஎஃப் ஏறியிருக்கிறது. இன்னும் அவள் வயதுக்கான அளவின் கீழ்க்கோட்டில்தான், ஆனால் கோட்டுக்குள். இப்போதும் சில நாள் தட்டின் முன்னால் அழுகிறாள். அப்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: பனி பார்க்க வேண்டுமானால் எட்டரைக்குள் உடுமலை சேர்ந்துவிடுங்கள். அணையில் முதலைகள் உண்டு, தண்ணீரில் இறங்காதீர்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையோடு போகிறவர்கள், வரும் வழியில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஆறு மாதமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல அந்த ஐம்பது நிமிடம் போதும்.