மதினியின் ஒற்றைப் பெயர்

கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம் எழுதி மதினியிடம் கொடுத்தேன். கசகசா எடுத்துப் போகக் கூடாது, அந்த நாட்டில் அது போதைப்பொருள். மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டும் இருக்க வேண்டும். எதற்கு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டால், கணவரைப் பார்க்க என்று மட்டும் சொன்னால் போதும். துறைமுகச் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்கள் நிரப்பித் தருவது என் வேலை. பத்தாவது வரை படித்த எனக்கு வாயால் சொல்வதைவிட எழுதித் தருவதுதான் எளிது.

மதினி படித்துவிட்டுச் சிரித்தார். "இம்புட்டு எழுதியிருக்கியளே தம்பி, நான் அங்கன பரீச்சையா எழுதப் போறேன்?" அவர் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வளைகுடாவில் கிரேன் ஓட்டிய அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஊருக்குக் கொண்டுவர முடியாது, பார்ப்பதானால் சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று அவருடைய அறைக்கூட்டாளி சொல்லிவிட்டார். போனில் அண்ணன் குரல் மெலிந்து வரும். "ஏளா, பொறப்பட்டுட்டியா?" தினமும் அது ஒன்றுதான்.

மதினியின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை முன்பு நிரப்பியவனும் நான்தான். எங்கள் பக்கத்தில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? அப்பா பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். விசா வந்த அன்று அது கண்ணில் பட்டது. அண்ணனும் ஒற்றைப் பெயரில்தானே இத்தனை வருடம் போய்வந்தார் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். விசா எடுத்துத் தந்த சென்னை ஏஜெண்டிடம் கேட்டிருக்கலாம். படபடவென்று இங்கிலீஷில் பேசுவார். எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குள் போன மதினி, அரை மணி நேரத்தில் பெட்டியோடு வெளியே வந்தார். "வேலைக்குப் போறவியளுக்கு ஒரு பேரு போதுமாம் தம்பி. பாக்கப் போறவியளுக்கு ரெண்டு பேரு வேணுமாம். எங்கம்மா எனக்கு ஒண்ணுதான் வச்சான்னு சொன்னேன். ஏத்த மாட்டோம்னுட்டாவ."

மறுநாளே அண்ணன் பெயரையும் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட்டுக்கு அவசர விண்ணப்பம் போட்டோம். அன்று சாயங்காலம் போன் வந்தது. அதே கேள்வி. "ஏறிட்டேன்ங்க. நீங்க படுத்துத் தூங்குங்க," என்றார் மதினி. அண்ணன் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் அப்பா பெயரைத்தான் கேட்கிறேன். வாய் திறந்து, சத்தமாகவே கேட்கிறேன். சந்தேகம் வந்தால் ஏஜெண்டுக்குப் போன் போடுகிறேன். அவர் திட்டினாலும் வைப்பதில்லை.

அண்ணனை அங்கேயே அடக்கம் செய்த மறுநாள் தபாலில் புதுப் பாஸ்போர்ட் வந்தது. மதினி பிரித்து, முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல அவிய பேரும் இருக்குல்லா தம்பி?"

"இருக்கு மதினி."

"இனிமே ஏத்திக்கிடுவாவளா?"

ஏத்திக்கிடுவாவ மதினி, என்றேன்.