அப்பா நடந்த ஆறு கிலோமீட்டர்

அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்துக்கு நல்லது, தினமும் வேகமாக நடக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் தோஹாவில் இருந்து சிம் போட்ட ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை வாங்கி அனுப்பினேன். கட்டியிருப்பவர் எவ்வளவு நடந்தார், இதயம் எப்படித் துடிக்கிறது என்பதெல்லாம் என் போனில் தெரியும்.

ஐந்து மாதமாகத் தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர். மழை பெய்தால் மட்டும் லீவு. அறையில் இருப்பவர்களிடம் எல்லாம் போனைக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

இன்று விடியற்காலை, சொல்லாமல் குலசேகரம் வீட்டில் வந்து இறங்கினேன்.

போனில் பார்த்தால் அப்பா நடந்துகொண்டிருக்கிறார், இதயத்துடிப்பு நூற்றுப் பத்து. எதிரில் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். கையில் வாட்ச் இல்லை.

"வாச்சு எங்கப்பா?"

"செல்லப்பன் கெட்டியிருக்கான்" என்றார். செல்லப்பன் அண்ணன் எங்கள் தோட்டத்தில் விடியும் முன்பே மரம் மரமாக நடந்து ரப்பர் பால் வெட்டுகிறவர்.

"நீங்கல்லா நடக்கணும்?"

"டாக்டரு தெனமும் நடக்கணும்னாரு. தெனமும் நடக்கத்தானே செய்யுது மக்கா?"

எட்டு மணிக்கு செல்லப்பன் அண்ணன் பால் வாளியோடு வந்தார். வாட்சைக் கழற்றி, வேட்டியில் துடைத்து என்னிடம் தந்தார். போகாமல் தயங்கி நின்றார்.

"தம்பி, அஞ்சு மாசமா பாத்திருக்கியல்லா. எனக்க நெஞ்சுக்குக் குழப்பம் ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்லண்ணே. ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

அவர் நெஞ்சைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். அப்பாவுடையதைப் பற்றித்தான் ஐந்து மாதமாக ஒன்றும் தெரியாது.

அப்பாவை நடக்கவைக்க வழி தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள். கழற்றி இன்னொருவருக்குக் கட்டிவிட முடியாததாக இருக்கட்டும்.