வாய் திறக்கக் கூடாத மூன்று மாதம்

கோரிமேட்டுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கர்ப்பமான எலிகளின் நஞ்சுக்கொடியில் பாலிஅமீன்களை அளப்பேன். புட்ரசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்று சின்னச் சின்ன மூலக்கூறுகள். அவை இல்லாவிட்டால் செல் பெருகாது, கரு வளராது. மீன் கெட்டால் வரும் நாற்றத்திலும் அதே புட்ரசின் உண்டு என்று, தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் என் மாமியாரிடம் ஒருமுறை சொன்னேன்.

"அந்த நாத்தத்துலயா புள்ள வளருது?" என்று சிரித்தார்.

பிறகு நானும் கர்ப்பமானேன். முந்தைய முறை எல்லோருக்கும் இனிப்பு கொடுத்த கையோடு கலைந்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்றார் மாமியார். இம்முறை, "மூணு மாசம் தாண்டட்டும். வேலை செய்யிற எடத்துல வாயத் தொறக்கக் கூடாது" என்று சத்தியமே வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. நம்பாமல் இருக்கவும் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புதிய சோதனை வந்தது. உடம்பில் பாலிஅமீன் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுக்க வேண்டும். பிறகு வயிற்றைத் திறந்தால், குட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த புள்ளிகள் இருக்கும். கரு தாய்க்குள்ளேயே கரைந்துபோயிருக்கும். அந்த மருந்துத் தூளை எடை போடுவது என் பொறுப்பு.

முதல் நாள் லீவு போட்டேன். மறுநாள் தராசு சரியில்லை என்று தட்டிக் கழித்தேன். அதற்கடுத்த நாள் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. கையுறைமேல் கையுறை மாட்டிக்கொண்டு தராசுவரை போய், டப்பாவைத் தொடாமல் திரும்பினேன். தண்ணீர் குடித்தேன். கழிப்பறைக்குப் போய் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி தராசு, மறுபடி கழிப்பறை. என்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

"என்னம்மா, காலைலேர்ந்து நடந்துட்டே இருக்க? எடை போட்டாச்சா?" என்றார் என் பேராசிரியை.

"மேடம், நான் முழுகாம இருக்கேன்."

சொன்னதும், இனி ஏதாவது ஆனால் என் வாய்தான் காரணம் என்று தோன்றியது. அவர் டப்பாவை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இத மொதல்லயே சொல்ல வேணாமா? அந்த ரூம் பக்கமே போகாத" என்று திட்டினார். பிறகு முகம் மலர்ந்து வாழ்த்து சொல்ல வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அது மட்டும் இப்ப வேணாம் மேடம்."

அவர் அந்த வாழ்த்தைச் சொன்னபோது, என் மகள் அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.