மூன்றாம் லயன் அம்மாக்கண்ணுவின் கேசட்

கோயில் கும்பாபிஷேக மலரில் அம்மாக்கண்ணுவைப் பற்றி இரண்டு பக்கம் வர வேண்டுமாம். எழுதித் தரும் வேலையைக் கமிட்டிக்காரர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த எஸ்டேட்டில் பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்று காரணம் சொன்னார்கள். அதெல்லாம் சும்மா. நான் எழுத முடியாமல் விழிப்பதை வேடிக்கை பார்க்கிற ஆசை. சரி, பார்க்கட்டும். உள்ளதை உள்ளபடி எழுதித் தருகிறேன். அச்சடிக்கிற தைரியம் அவர்களுக்கு இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

என் பெயர் வீரப்பன். மூன்றாம் லயனில் கடைசி வீடு. தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து உருட்டுகிற மிஷினில் வேலை. மாரியம்மன் திருவிழாவில் பதினோரு வருஷம் தொடர்ந்து மைக் பிடித்துப் பாடியவன். ஈப்போவுக்குப் போய் வாத்தியாரிடம் ஆர்மோனியம் கற்றவன். எங்கள் லயன் வீட்டு வரிசைகளில் இரண்டு கேசட் போடுகிற பெரிய செட் முதலில் வந்ததும் என் வீட்டுக்குத்தான். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அம்மாக்கண்ணு ஜப்பான்காரன் காலத்தில் மூன்றாம் லயனில் பிறந்தவள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பதினான்கு வயதில் கூடை தூக்கினாள். மருந்து தெளிக்கிற சுப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு, அதே லயனில் நான்கு வீடு தள்ளிக் குடிபோனாள். இடது கைக்காரி. அவளுக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. மேலே போகும்போது குரல் லேசாக உடையும். ஆனாலும் அவள் பாடினால் ஜனம் வாயை மூடிக்கொண்டு கேட்டது. நான் பாடும்போது அதே ஜனம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கும். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலை ஏறிக் கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தெரியும், சில காலையில் பனிமூட்டம் அப்படியே செடி மேல் உட்கார்ந்துவிடும். பக்கத்து வரிசையில் நிற்கிற ஆள் தெரியாது. அந்த நேரத்தில் அம்மாக்கண்ணுவைப் பாடச் சொல்வார் கந்தசாமி கங்காணி. அவள் குரல் எங்கே கேட்கிறதோ அதை வைத்து மற்றப் பெண்கள் வரிசை தவறாமல் மேலே ஏறுவார்கள். அதற்காக அவளே கட்டிய பாட்டுகள்தான் எல்லாம். ஒரு பாட்டு இப்படித் தொடங்கும்:

பனி விலகும் நேரமாச்சு, பச்சைக் கொழுந்தே முழிச்சுக்கோ
பத்து விரல் வருகுதடி, பயப்படாம நிமிர்ந்துக்கோ

கிள்ளப்போகிற கொழுந்துக்குப் போய் தைரியம் சொல்கிறாள்! எத்தனை பாட்டு மனப்பாடம் செய்தவன் நான், இப்படி ஒரு வரி எனக்குத் தோன்றவில்லையே என்று அன்றைக்கு ஃபேக்டரியில் மிஷினை முறைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

எண்பத்து மூன்றில் ராதாகிருஷ்ணன் கிராணிக்கு ஒரு யோசனை வந்தது. ஆபீஸ் கணக்கு பார்க்கிற மனுஷன், ஆனால் பாட்டுப் பைத்தியம். கேசட் விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். கடையில் வாங்கிய கேசட்டை இரவல் கொடுக்கலாம், வாங்கலாம், இன்னொன்றில் ஏற்றக் கூடாது, அது பாடினவன் பொருள் என்பார். நாங்களும் அப்படியே நடந்தோம். ஒரு கடை கேசட் எங்கள் லயன்களில் வீடு வீடாக நடந்து திரும்பி வர இரண்டு மாதம் ஆகும்.

"வீரப்பா, அம்மாக்கண்ணு பாட்டு அவளோட சொந்தப் பாட்டுலா. அவளே ஏத்திக்கச் சொல்லிக் குடுத்தா எவன் கேக்க முடியும்? உன் செட்டுல பிடிச்சுக் குடு" என்றார்.

அந்தப் பாட்டைப் பிடிக்க என் செட்டுதானா கிடைத்தது? மனசில்லாமல் தலையாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் வைத்துப் பிடித்தோம். செட்டில் கம்பியோடு செருகுகிற மைக்கை அவள் முன்னால் நீட்டினேன். பாடுவதற்கு முன்னால் கிராணி சொல்லிக் கொடுத்ததை அவள் தன் பாணியில் சொன்னாள்:

"நான் மூணாம் லயன் அம்மாக்கண்ணு பேசுறேன். இது என் பாட்டு. புடிச்சிருந்தா ஏத்திக்குங்க. ஏத்துனவங்க இன்னும் ரெண்டு வீட்டுக்கு ஏத்திக் குடுங்க. விக்கக் கூடாது. கடைசில உங்க வீட்டுப் பேரையும் சொல்லிருங்க, யாரு கேட்டாங்கன்னு எனக்குத் தெரியணும்லா."

அதுதான் வழக்கமாகிப் போனது. கேசட் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டார் பாட்டு முடிந்ததும் தங்கள் பேரைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஏற்றிக் கொடுப்பார்கள். இரண்டு கேசட் போடுகிற செட் இல்லாதவர்கள், ஒரு செட்டைப் பாட விட்டு, அதன் எதிரில் இன்னொன்றை வைத்துப் பிடிப்பார்கள். சின்ன செட்டுகளில் மைக் உள்ளேயே இருக்கும். அதனால் நாய் குரைப்பது, குழந்தை அழுவது, பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுவது எல்லாம் பாட்டோடு சேர்ந்து வரும். நான் சிரிப்பேன். என் செட் பெரிய செட். மைக் கம்பி தனி. உள்ளே மைக் எதற்கு?

அதே மாதம் நானும் ஆர்மோனியத்தோடு ஒரு கேசட் போட்டேன். யாரும் மேலே ஏற்றி அழித்துவிடக் கூடாது என்று கேசட் முதுகில் இருக்கிற சின்னத் தகட்டை உடைத்தேன். என் அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது என்று அட்டையில் எழுதினேன். அனுமதி கேட்டு ஒருத்தனும் வரவில்லை.

அவள் கேசட் என்னிடம் திரும்பத் திரும்ப வந்தது, நன்றாக ஏற்றித் தரச் சொல்லி. ஒவ்வொரு தடவையும் கடைசிப் பேர்கள் நீண்டுகொண்டே போயின. இரண்டாம் லயன் வேலாயி வீடு. மேல் டிவிஷன் நாகரத்தினம் வீடு. கியா பார்ம் ஸ்ட்ராபெர்ரிக் கடை வடிவம்மாள். அந்தப் பேர்களைக் கேட்கக் கேட்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை ஒரு கிழவர் பேர் சொல்லி முடித்து, "தாயி, நல்லா இரு" என்று அழுதார். செட்டை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். வயிறு எரிந்தது. வேறு என்ன வார்த்தை போட்டு எழுதுவது?

எண்பத்து நான்கு திருவிழா நெருங்கியது. கமிட்டியில் இந்த வருஷம் மைக்கை அம்மாக்கண்ணுவிடம் கொடுக்கலாமா என்று பேச்சு எழுந்ததாம். என் காதுக்கு வந்தது. பதினோரு வருஷம்! அந்த மைக் போனால் நான் யார்? மிஷின் தள்ளுகிற வீரப்பன், அவ்வளவுதான்.

அந்த வாரம் முட்டைக்கோஸ் லோரி ஓட்டுகிற வேலப்பன் வந்து, கோலா தெர்லாவுக்கும் கம்போங் ராஜாவுக்கும் நான்கு கேசட் ஏற்றிக் கொடுக்கச் சொன்னான். அங்கே அவள் முகம் யாருக்கும் தெரியாது. திருவிழாவுக்கு அந்த ஊர் ஜனமெல்லாம் வரும். கேசட்டில் அவள் பேர் இல்லையென்றால்? அந்தப் பாட்டை மைக்கில் நான் பாடினால்? சுருதியோடு, ஆர்மோனியத்தோடு பாடினால் என் பாட்டு என்றுதானே நினைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை. அவள் பாட்டை முதன்முதலில் பிடித்த கேசட்டைச் செட்டில் போட்டேன். மைக் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி ஓரமாக வைத்தேன். கம்பி இல்லாமல் பதிவுக் கட்டையை அழுத்தினால் வெறுமையாகத்தானே பதியும்? அவள் தன் பேரைச் சொல்கிற இடம் முழுக்க அழுத்திப் பிடித்து அழித்தேன். நடுவில் என் மனைவி மணியம்மா கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள், அவளை அடுப்படிக்கு விரட்டினேன். அப்புறம் சத்தத்தை அடியோடு குறைத்து, நான்கிலும் ஏற்றி, வேலப்பனிடம் கொடுத்தேன். ஒரு தடவை போட்டுக் கேட்டிருக்கலாம். செய்த காரியம் அப்படி, அதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

கமிட்டியில் நானும் நாலு பேரைப் பிடித்து, மைக்கைக் கடைசியில் எனக்கே வாங்கிக்கொண்டேன்.

திருவிழா அன்று காவடிகள் இறங்கி, சாப்பாடு முடிந்த பிற்பகல். கோயில் முன்னால் நல்ல கூட்டம். அம்மாக்கண்ணு பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்து பேத்தியின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். நான் ஆர்மோனியத்தை அழுத்தி, கண்ணை மூடி, "பனி விலகும் நேரமாச்சு" என்று எடுத்தேன்.

கோலா தெர்லா கூட்டம் இருந்த பக்கம் குபீரென்று சிரிப்பு. கண்ணைத் திறந்தேன். இன்னும் சத்தமாகப் பாடினேன். சிரிப்பும் கூடியது. அங்கிருந்து ஒரு பெண் எழுந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கேட்டாள்:

"அண்ணே, ரசத்தை இறக்கியாச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தில் மணியம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் அந்த வேலப்பன், பாவிப்பயல், லோரியில் கேசட்டைப் போட்டுச் சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டான். மழைச் சத்தம். அதற்கு மேல் எங்கள் வீட்டுக் குரல்கள், பளிங்கு மாதிரி.

"என்னங்க பண்றீங்க?"

"உஷ்! மூணாம் லயன் அம்மாக்கண்ணு பேரை அழிக்கிறேன்."

"அவ பாட்டுல அவ பேரு இருந்தா உங்களுக்கு எங்க வலிக்குது?"

"வயிறு எரியுதுடி, போதுமா? இந்த மாதிரி ஒரு வரி இந்த ஜென்மத்துல எனக்கு வருமா? பேசாம போயி ரசத்தை இறக்கு."

அதன் பிறகு பனி விலகும் நேரமாச்சு என்று அவள் குரல்.

பெரிய செட்டிலும் உள்ளே மைக் இருக்கிறது. கம்பியைப் பிடுங்கினால் அது தானாக வேலை செய்யத் தொடங்கும். செட்டோடு வந்த புத்தகத்தில் இருந்ததாம், கிராணி பிறகு படித்துக் காட்டினார்.

மானம் கப்பல் ஏறிவிட்டது. மைக்கை வைத்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன். அம்மாக்கண்ணு எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மைக்கை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பாடினாள். ஆர்மோனியம் இல்லை. அவ்வளவு ஜனமும் அடங்கிப்போனது. நான் அவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன்.

மூன்று நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். சுப்பன் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். அவள் மட்டும் பெஞ்சைத் தள்ளிப் போட்டாள்.

"புது கேசட் வாங்கியாந்திருக்கேன், அம்மாக்கண்ணு. நீ முன்னாடி மாதிரியே பேரைச் சொல்லு. வெளியூர் போனதையெல்லாம் திருப்பி வாங்கி மாத்திக் குடுத்துர்றேன்."

"அது எங்கண்ணே திருப்பி வாங்குறது? நாலும் நாப்பதாகியிருக்கும், இந்நேரம் எந்த மலையில பாடுதோ. வேணாம், விடுங்க. நான் என் பேரைச் சொன்னப்ப, பாட்டு எப்ப வரும்னு எல்லாரும் ஓட்டிவிட்டுத்தான் கேட்டாங்க. இப்ப ஒருத்தர் ஓட்டலயாம், முதல்லருந்து கேக்குறாங்களாம். இந்த ஊர்லயே பெரிய பாட்டுக்காரரு என் வரியைப் பாத்து வயிறெரிஞ்சாருன்னு அதுலதானே இருக்கு? அத அழிக்காதீங்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பொய் சொல்லவும் இல்லை. நான் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். பாதி வழியில் மறுபடியும் வயிறு எரியத் தொடங்கியது. நான் செய்த கெடுதலைக் கூட அவள் தன் பாட்டுக்கு முன்வரியாக வைத்துக்கொண்டாளே!

அடுத்த திருவிழாவிலிருந்து மைக் அவளுடையது. நான் பக்கத்தில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். அவள் சுருதி விலகும்போது நான் சுருதியை மாற்றிக்கொள்கிறேன், அவள் மாற்றிக்கொள்ள மாட்டாள். இப்போது புதுச் சட்டம் வந்து, பாசார் சந்தையில் திருட்டு கேசட் விற்றவர்கள் மேஜைக்கடியில் ஒளித்து வைக்கிறார்கள். அவள் கேசட் மட்டும் அச்சமில்லாமல் வீட்டுக்கு வீடு போகிறது.

போன மாதம் பேராக் பக்கமிருந்து திருமணத்துக்கு வந்த ஒருவர் ஒரு கேசட் வைத்திருந்தார். எத்தனை கை மாறியதோ, பாட்டு தேய்ந்து கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் இருந்தது. கடைசியில் பேர்கள், பேர்கள், நான் கேள்விப்படாத எஸ்டேட்களின் பேர்கள். எல்லாம் முடிந்ததும் அவர் செட்டின் மைக்கை என்னிடம் நீட்டி, "நீங்களும் சொல்லுங்க, உங்க வீட்டுல ஏத்துனதா இருக்கட்டும்" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆறு வருஷமாக அந்த வரிசையில் என் பேர் இல்லை. சொன்னேன்:

"மூணாம் லயன் வீரப்பன் வீடு. கேட்டோம். ஏத்துனோம்."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்தக் குரல் அவருக்கு நன்றாகப் பழக்கம்.

"அட, ரசத்துக்காரரா நீங்க?" என்றார்.