துக்கம் கேட்க வராத சந்து

என் முகத்தைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் பேச்சை ஆரம்பிப்பாங்க. "அட, சீனத்தி தமிழ் பேசுறாளே!" அப்புறம் ஒரு சிரிப்பு. ஆமா, பேசுறேன். உங்களைவிட நல்லாவே பேசுறேன், போங்க. சீனக் கணக்குல நான் பொறந்தது புலி வருஷம். புலி வருஷத்துப் பொம்பளைப் பிள்ளை வீட்டுக்கு ஆகாதுன்னு பெத்தவங்களுக்குப் பயம். அன்னாசி ஆலைப் பக்கம் குடியிருந்தவங்களாம். பச்சைப் பிள்ளையைத் துணியில சுத்திக் கொண்டுவந்து, சிராங்கூன் ரோட்டுக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவுல இருந்த ஒரு சந்துல, மாட்டுவண்டிக்காரர் வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த வீட்டம்மாவுக்குப் பிள்ளை இல்ல. அவங்கதான் எங்கம்மா. பெத்தவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கணும்னும் தோணல.

சந்துன்னா பெருசா ஒண்ணும் இல்ல. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சில வீடு, ஒரு கிணறு, பின்னால எருமைக் கொட்டகை, மழை பெஞ்சா முழங்கால் வரைக்கும் சேறு. அடுத்த வீடு பாவியான் தீவுலேருந்து வந்த முஸ்லிம், துரைமாருக்குக் குதிரைவண்டி ஓட்டுறவர். அவர் சம்சாரத்தை நாங்க மக்சிக்னு கூப்பிடுவோம், மலாய்ல பெரியம்மா மாதிரி. முனையில நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் ஒருத்தர் மளிகைக் கடை வச்சிருந்தார், எல்லாருக்கும் அவர் காக்கா, அவங்க பேச்சுல அண்ணன். எதிர் வீட்டுல யாழ்ப்பாணத்துக் கிராணி, அதான் ஆபீஸ்ல எழுத்து வேலை பாக்குறவர், அவர் சம்சாரம் அக்கா. கடைசியில சீனத் தோட்டக்காரரும் அவர் பொஞ்சாதியும், கீரை போடுறவங்க. நாங்க எல்லாம் கலந்து பேசுறது மலாய். சண்டைன்னு வந்தா மட்டும் அவங்கவங்க பாஷை.

எங்க சந்துல ஒரு வழக்கம் இருந்துச்சு. யார் வீட்டுக்காவது ஊர்லேருந்து புதுசா உறவு வந்து எறங்கினா, அவங்க திரும்பிப் போற வரைக்கும் மத்தவங்க ஒதுங்கி நிப்பாங்க. வந்தவங்களுக்கு நம்ம தீட்டு, சாப்பாடு எல்லாம் என்ன தெரியும், வீட்டுக்காரங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான். தோட்டக்காரரோட அம்மா சீனாவிலேருந்து வந்திருந்தப்ப, இந்த மூஞ்சியோட தமிழ்ப் பாவாடையைக் கட்டிக்கிட்டு அந்தக் கெழவி முன்னால நிக்காதேடின்னு என்னை வீட்டுக்குள்ளயே அடைச்சு வச்சாங்க எங்கம்மா. அதுல யாருக்கும் கோவம் கெடையாது. அது மரியாதை.

அப்பா காய்ச்சல்ல போயிட்டார். அவர்கூட வண்டி ஓட்டினவங்க காரியம் முடிஞ்சதும் பொழப்பைத் தேடிக் கலைஞ்சு போயிட்டாங்க. எங்க சாதிசனம்னு சந்துல யாரும் இல்ல. ஆனா எங்க வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையல. காக்கா அரிசி பருப்பு அனுப்பினார். தோட்டக்காரர் கீரைக்கட்டை வாசல்ல வச்சுட்டுப் போவார். மக்சிக் தன் பாயைத் தூக்கிக்கிட்டு வந்து எங்கம்மா பக்கத்துலயே படுத்துக்கிட்டாங்க. அக்கா வந்து உக்காந்து, "அழுங்கோ, அழுது தீருங்கோ"ன்னு முதுகைத் தடவிக்கிட்டே இருப்பாங்க. தாலி அறுத்த பொம்பளை வாசப்படி தாண்டக் கூடாது. அதனால சந்து எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு.

அந்த நேரத்துல மாமா வர்றார்னு தகவல் வந்துச்சு. எங்கம்மாவோட அண்ணன், தஞ்சாவூர்ப் பக்கம். தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வர்றார்.

எங்கம்மாவுக்குப் போக இஷ்டமே இல்ல. ரெண்டு வண்டி இருக்கு, வாடகைக்கு விட்டா கஞ்சி குடிக்கலாம், பொண்ணு இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஆனா அண்ணன் சொல்லைத் தட்டுற தைரியம் அவங்களுக்கு வராது. அவராப் பாத்து, "சரி, இங்கயே இரு"ன்னு சொன்னாத்தான் உண்டு. அவர் சொல்லணுமே! நான் கும்பிடாத சாமி இல்ல.

அவர் மனசு கோணாம இருக்கணும்னு சந்தே கிணத்தடியில கூடிப் பேசுச்சு. மக்சிக்தான் ஆரம்பிச்சாங்க. "உன் மாமா போற வரைக்கும் நான் உங்க வீட்டுப் படி ஏறமாட்டேன்." பாயைச் சுருட்டி எடுத்துக்கிட்டாங்க. "ஓம், அதுதான் சரி. அவர் ஊர் ஆள், எங்களையும் என்னெண்டு நினைப்பாரோ" அப்படின்னாங்க அக்கா. காக்காவும் தலையாட்டினார். தோட்டக்காரருக்கு விவரத்தைச் சொன்னோம், அவர் கீரைக்கட்டை வேலியோரத்துல வைக்கிறேன்னுட்டார். எங்கம்மா கதவிடுக்கு வழியாக் கேட்டுட்டு, "இவங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்"னு கண்ணைத் தொடைச்சாங்க. பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடியும்னு எங்க யாருக்குத் தெரியும்?

மாமா கெட்டவர் இல்ல. கெட்டவரா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும், நல்லா வைஞ்சுட்டுப் போயிருப்பேன். வந்ததும் எங்கம்மா தலையில கையை வச்சுக்கிட்டுக் கொழந்தை மாதிரி அழுதார். என்னை ஒரு பார்வை பாத்தார். நான் நீட்டின சொம்புத் தண்ணியை வாங்கிக் குடிச்சார். எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. ஜெயிச்சுட்டோம்னே நெனச்சேன்.

அப்புறம் அவர் வாசல்ல உக்காந்து சந்தைப் பாக்க ஆரம்பிச்சார். மக்சிக் விடியறதுக்கு முன்னாலயே தண்ணி எறைச்சுட்டுப் போயிடுவாங்க. அக்கா கதவு சாத்தியே கெடக்கும். காக்கா அந்தப் பக்கம் போனாலும் குனிஞ்ச தலை நிமிராம போவார். ஒரு வாரத்துக்கு எங்க வாசல்ல ஒரு ஈ காக்கா வரல.

ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவர் எங்கம்மாகிட்ட சொன்னார். "பொணம் எடுத்த வீடு. துக்கம் கேக்க ஒரு நாதி வரல. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா வாயில தண்ணி ஊத்த யார் இருக்கா? கெளம்பு தங்கச்சி."

"எல்லாரும் நல்லவங்க அண்ணே..."

"நல்லவங்கன்னா எங்க?"

எங்கம்மா எலையை எடுக்கக் குனிஞ்சுட்டாங்க. உங்களுக்காகத்தான் வராம இருக்காங்கன்னு சொன்னா, ஏன், வந்தா என்னன்னு கேப்பாரு. அதுக்கு என்ன சொல்றது? நான் எழுந்து ஓடினேன். மக்சிக் என்னைக் கண்டதும், "போ, போ, மாமா பாத்துடப் போறார்"னு கையை ஆட்டிக் கதவைச் சாத்தப் பாத்தாங்க. கொடுத்த வாக்கைக் காப்பாத்துறாங்களாம்! கதவுல கையை வச்சுத் தடுத்துக்கிட்டு, அழுகைக்கு நடுவுல ஒவ்வொண்ணாச் சொன்னேன். புரிஞ்சதும், "யா அல்லா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க.

மறுநாள் காலையில எல்லாரும் மொத்தமா வந்தாங்க. மக்சிக் எங்கம்மாவைக் கட்டிப் பிடிச்சு ஓன்னு அழுதாங்க. எங்கம்மா அவங்க தோள்ல சாஞ்சு, அத்தனை நாள் அடக்கி வச்சதையெல்லாம் கொட்டினாங்க. காக்கா தொப்பியோட வாசல்ல நின்னார். தோட்டக்காரர் பொஞ்சாதி தரையில உக்காந்து அவங்க பாஷையில ஒப்பாரி வச்சாங்க. அக்கா கொழந்தைகுட்டியோட வந்துட்டாங்க. வீட்டுல கால் வைக்க எடமில்ல. எனக்கு ஒரே சந்தோஷம். பாருங்க மாமா, பாருங்க, நாதி இருக்கு!

மாமா செவத்தோட ஒட்டிக்கிட்டு நின்னார். உள்ள வந்தவங்கள்ல அவருக்குப் பேச்சு புரிஞ்சது அக்காவோட மட்டும்தான். "இவங்கல்லாம் இந்த வீட்டுல பொழங்குறவங்களா?"

"ஓம், எல்லாரும் ஒரு வீடு மாதிரித்தான்." அக்கா அதைப் பெருமையாத்தான் சொன்னாங்க.

அவங்க போனதும் மாமா தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். "இத்தனை வருஷமும் இப்படியா இருந்தே? யார் சோறு, யார் தண்ணின்னு ஒரு கணக்கே இல்லாம? ஊர்ல நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எனக்குக் கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுங்க இருக்கும்மா. உன்னை இங்க விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா எவன் வந்து கேப்பான்?"

வராதபோது நாதி இல்ல. வந்தபோது நாதி இப்படி. வராம இருந்தாலும் குத்தம், வந்தாலும் குத்தம்னா மனுஷங்க எங்கதான் போய் நிக்கிறது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தண்ணிச் சொம்பைத் தூக்கி வீசியிருப்பேன். என்ன பண்றது, வீசல.

எங்கம்மா அவர் கால்ல விழுந்தாங்க. "அப்ப இவளையும் கூட்டிக்கிட்டுப் போவோம் அண்ணே." அவர் என் முகத்தைப் பாத்தார். அவர் கண்ணுலயும் தண்ணி. "இந்த முகத்தை எந்தத் தெருவுல கொண்டுபோய் நிறுத்துவேன்? தெருவுல நடக்கும்போதெல்லாம் கூட்டம் கூடும். அது பாவம் இல்லையா?" பாவம்தான். பொய்யின்னு எனக்குச் சொல்லத் தெரியல.

அப்புறம் என்னை எங்க விடறதுன்னு பேச்சு வந்துச்சு. தோட்டக்காரர், எங்க ஆளுதானே, எங்ககிட்ட இருக்கட்டும்னார். மலாயை விட்டுட்டு அவர் தன் பாஷையிலயே பேசினதுல ஒரு வார்த்தை எனக்குப் புரியல, கடையில சீனங்களோட பழகின காக்காதான் எடுத்துச் சொன்னார். அக்கா தன் புருஷன் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க, அவர் மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். மக்சிக் என் கையைப் புடிச்சாங்க. பின்னால இஸ்லாம் மார்க்கத்துக்கு வரணும்னாங்க, அதை மறைக்காம முன்னாலயே சொன்னாங்க. அவங்க வீடுன்னு முடிவாச்சு. என்னை யாரும் கேக்கல.

தஞ்சோங் பகார் துறையில கப்பல் நின்னுச்சு. மாமா பொட்டியோட முன்னால போனார். வெள்ளைப் புடவையை இழுத்துப் போத்திக்கிட்டு எங்கம்மா, அவங்க பின்னால மூட்டையைச் சுமந்துக்கிட்டு நான். ஏறுற எடத்துல சீட்டுப் பாக்குறவர் தமிழர்தான். எங்கம்மாகிட்ட, "வாங்கம்மா, பாத்து ஏறுங்க"ன்னார். என்கிட்ட மட்டும் மலாயில, மூட்டையை வச்சுட்டு நகருன்னார். கூலிக்கு வந்தவன்னு நெனச்சுட்டார்.

"நான் கூலிக்கு வரல. அவங்க எங்கம்மா"ன்னேன்.

அவர் என்னைப் பாத்தார், எங்கம்மாவைப் பாத்தார், சிரிச்சார். "அப்படியாம்மா?"

மாமா திரும்பிப் பாத்தார். சுத்தி நின்னவங்க எல்லாம் ஊருக்குப் போறவங்க, அவங்களும் பாத்தாங்க. அதுவரைக்கும், வளர்ப்புப் பொண்ணான்னு யாராவது வாயெடுத்தா வெளக்குமாத்தைத் தூக்குற பொம்பளை எங்கம்மா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வளத்த பொண்ணுய்யா"ன்னாங்க.

சீட்டுப் பாக்குறவர் சரின்னு தலையாட்டிட்டு, என் தலையிலேருந்து மூட்டையை எடுத்துக்கிட்டார்.