அவிழ்ந்து தொங்கிய பட்டி

எங்கள் ஊர் டன்மாரோவில் என் அப்பாவை வறுத்த உருளைக்கிழங்கோடு சேர்த்துச் சாப்பிடலாம். ஐஸ் அரங்கத்து கேன்டீனில் 'கதவு பர்கர்' என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு அடுக்கு இறைச்சி, நடுவில் நசுங்கிப்போன தக்காளி. அந்தத் தக்காளிதான் அப்பாவிடம் அடி வாங்கிய லைல் டெஷேன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா அங்கே போனால் ஹாட் டாக்தான் வாங்குவார்.

அப்பா பெயர் ஒரெஸ்ட் ஹலுஷ்கா. 'கதவு' என்பது ஊர் வைத்த பெயர். அவரைத் தாண்டி எவனும் உள்ளே வரமுடியாது என்று அர்த்தம். இப்போது சஸ்காட்சுவான் மாகாண நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். அதற்கு முன்னால் பத்துப் பதினோரு வருடம் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடினார். ஆடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடித்தார். ஒவ்வொரு அணியிலும் அதற்கென்று ஒருவன் உண்டு. நம் அணியில் கோல் போடுகிற பையனை எதிரணிக்காரன் இடித்துத் தள்ளினால், கோச் இவன் தோளைத் தட்டுவார். இவன் பனித்தரைக்குள் சறுக்கிப் போய், எதிரணியின் அடியாளிடம் "போலாமா?" என்று கேட்பான். அவன் தலையாட்டினால் இருவரும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, யாராவது ஒருவர் விழும்வரை குத்திக்கொள்வார்கள். அப்புறம் தண்டனைக் கூண்டில் ஆளுக்கு ஐந்து நிமிடம். அங்கே மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு, "வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொள்வதும் உண்டாம். உத்தியோகம் அப்படி.

அந்த "போலாமா" எங்கள் வீட்டில் கிடையாது. சர்ச்சுக்குக் கிளம்பினாலும் சரி, ரெஜைனாவில் வேலை பார்க்கும் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினாலும் சரி, "வண்டி சூடாயிடுச்சு" என்பார். அவ்வளவுதான். நான் கிளம்பிவிட வேண்டும். முதன்முதலில் ஒரு தோழியின் அப்பா அவளிடம் சாதாரணமாக "போலாமா?" என்றபோது நான் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

அப்பாவின் வலது கை காதுக்கு மேலே எழாது. தோள்பட்டையில் எதுவோ கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்தது. அதனால் ஸ்வெட்டர் போடுவது எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. அவர் தலையை நுழைப்பார், நான் கையைப் பிடித்து இழுப்பேன். சில சமயம் வேண்டுமென்றே பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவேன். உள்ளேயிருந்து "அடியேய் குரங்கே!" என்று கத்துவார். கத்தலில் கோபம் இருக்காது. வேறு ஏதோ அவசரம் இருக்கும். அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. தெற்கே போகிற நெடுஞ்சாலை நேராக வில்மோர் என்ற ஊர் வழியாகப் போகும். அப்பா மட்டும் அதற்கு முன்பே சரளைக்கல் பாதையில் திரும்பி, கோதுமை வயல்களைச் சுற்றிக்கொண்டு போவார். சின்ன வயதில், வில்மோரில் பேய் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பேய் இல்லை. டயர் கடை இருக்கிறது. கடைக்காரர் லைல் டெஷேனுக்கு இடது கண் தெரியாது.

சென்ற குளிர்காலத்தில் வெண்டல் ப்ரோகாப் ஒரு பெட்டி டோனட்டோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவோடு படித்தவர், இப்போது அரங்கத்தின் மேலாளர். மைக் கையில் இல்லாவிட்டாலும் மைக்கில் பேசுவது போலவே பேசுவார்.

"டேய் ஒரெஸ்ட்! அரங்கத்துக்கு அம்பது வருஷம் ஆவுது. உன்னக் கௌரவிச்சு உன் சட்டைய கூரைல தொங்க விடப் போறோம்டா!"

"அதுல கறை போவவே இல்லடா."

"அதான்டா அழகு! அதுக்கு முன்னாடி லைல் சண்டைய பெரிய திரைல போடுறோம். சனம் கூரைய பிச்சிரும்."

அப்பா கையிலிருந்த டோனட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். "அது வேணாம் வெண்டல். வேற ஏதாவது போடு."

"வேற என்னடா இருக்கு உங்கிட்ட? நீ என்ன கோலா போட்ட?"

"ஒண்ணு போட்டிருக்கேன்."

"அது உன் குண்டில பட்டு உள்ள போனதுடா!"

"கோல் கோல்தான்."

வெண்டல் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் திரைய ஓட்டணும். உன்ன வெளிய விட்டா என்ன பண்ணுவன்னு தெரியல. கண்ணு முன்னாலயே உக்காந்திரு."

அவர் பயத்தில் நியாயம் உண்டு. அதற்கு முந்தைய வருடம் கோல் விழும்போதெல்லாம் ஊதுகிற ஹாரனுக்குப் பதிலாக மாடு கத்தியது. மாடு கத்தியதற்கும், நான் பதினொன்றாம் வகுப்போடு வீட்டில் இருப்பதற்கும் சம்பந்தம் உண்டு.

அவர் கொடுத்த வீடியோவை மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். சண்டைக்கு நடுவே அசட்டு இசை ஏதாவது சேர்க்கலாம் என்று மெதுவாக ஓட்டினேன். அப்போதுதான் அந்தப் பட்டி கண்ணில் பட்டது. ஆட்டக்காரனின் சட்டைக்குள் முதுகுப்பக்கம் ஒரு பட்டி இருக்கும். அதைக் கால்சட்டையோடு மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டியிருந்தால், சண்டையில் எவனும் சட்டையைத் தலைக்கு மேல் இழுக்க முடியாது. மாட்ட மறந்தால் சட்டை முகத்தை மூடும், இரண்டு கையும் அதிலேயே சிக்கிக்கொள்ளும். எங்கள் ஊரில் பால் பல் விழாத பிள்ளைக்குக்கூட இது தெரியும். லைலுக்குப் பின்னால் அது வால் மாதிரி தொங்கியது. சண்டை அப்போது தொடங்கவே இல்லை.

அப்பா கராஜில் மண்வெட்டிக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார். மடிக்கணினியோடு போனேன்.

"அவரு பட்டி மாட்டலப்பா."

"ம்."

"நீ பாத்திருக்க. இங்க பாரு, உன் கண்ணு கீழ போவுது. அப்புறந்தான் கேக்குற."

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும். அதான் முறை. 'டேய், பட்டிய மாட்டு'ன்னு சொல்லிட்டு, மாட்டுற வரைக்கும் நிக்கணும். எனக்கு ஒருத்தன் அப்படி நின்னிருக்கான்." கீழே கிடந்த மண்வெட்டியைப் பார்த்தபடி, "லைல்தான்" என்றார்.

"அப்புறம் ஏம்பா?" என்றேன்.

"அன்னிக்குக் காலைல கோச் ஒரு பையன காமிச்சாரு. சின்னப் பையன். கழுத்தே இல்ல. 'இவன் நல்லா அடிக்கிறான் ஒரெஸ்ட்'னு மட்டும் சொன்னாரு. என் எடத்துக்கு ஆளு வந்தாச்சுன்னு எனக்குப் புரிஞ்சிருச்சு." கையை மேல்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஒன்றுமில்லை. "போலாமான்னு கேட்டேன். லைல் சிரிச்சான். மொத இழுப்புலயே சட்ட தலைக்கு ஏறிடுச்சு. நிறுத்தியிருக்கலாம். சனம் கத்துச்சு. உள்ளேர்ந்து அவன் ஏதோ சொன்னான். எனக்குக் கேக்கல."

மண்வெட்டியைக் குனிந்து எடுத்தார்.

"கேட்டுச்சு. 'ஒரெஸ்ட், கண்ணு தெரியலடா'ன்னான்."

அந்த வீடியோவை அன்றே அழித்தேன். அதற்குப் பதில் கோலைத் தேடிப் பிடித்தேன். கோல்காரன் தடுத்த ரப்பர் வட்டு திரும்பி வந்து, குனிந்திருந்த அப்பாவின் பின்பக்கத்தில் பட்டு உள்ளே சறுக்குகிறது. அப்பாவுக்கே தெரியவில்லை, ஏன் எல்லோரும் கட்டிப்பிடிக்கிறார்கள் என்று முழிக்கிறார். அதோடு மாட்டையும் சேர்த்தேன்.

விழா சனிக்கிழமை மதியம். ஊரே வந்திருந்தது. பனித்தரையில் சிவப்புக் கம்பளம் விரித்து, இரண்டு பக்கமும் குட்டிப் பையன்களின் அணியை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அப்பா ரப்பர் பூட்ஸோடு நடந்து வந்து நடுவில் நின்றார். மேலே இருந்த அறையில் நான் பொத்தானை அழுத்தினேன். கோல் விழுந்தது, மாடு கத்தியது, அரங்கம் வெடித்துச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வெளி ஆட்கள் முன்னால் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. முன்பல் இரண்டு கட்டுப்பல்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பின்வரிசையில் யாரோ காலால் பலகையைத் தட்ட ஆரம்பித்தார்கள். "லைல்! லைல்!" மற்றவர்களும் தட்டினார்கள். வெண்டல் என்னை நிமிர்ந்து பார்த்தார், சட்டைப்பையிலிருந்து தன் ஃபோனை எடுத்து ஆட்டிக் காட்டினார். என்னை நன்றாகத் தெரிந்தவர். கீழேயிருந்தே திரைக்கு இணைப்புக் கொடுத்திருந்தார். நான் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். சண்டை ஓடியது.

அப்பா திரைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

வெண்டல் புதிதாகத் தைத்த சட்டையை விரித்துக் காட்டினார். "போட்டுக்கடா கதவு! போட்டுட்டு கைய தூக்கு!"

அப்பா தலையை நுழைத்தார். இடது கை போயிற்று. வலது கை போகவில்லை. வெண்டல் ஒரு கையில் மைக்கோடு மறு கையால் இழுத்துவிட்டார், தப்பான பக்கம். சட்டை முகத்தை மூடி நின்றது, இரண்டு கையும் உள்ளே சிக்கி அரைகுறையாகத் தூக்கியபடி. அவர் தலைக்கு மேலே திரையில் லைல் அதே மாதிரி நின்றார்.

மக்கள் சிரித்தார்கள். நான்கூட முதலில், ஒரு நொடி. அப்பா சட்டையோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டார். சும்மா நின்றார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது.

படியிறங்கி ஓடினேன். கம்பளத்தை விட்டு விலகி ஒருமுறை விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"அப்பா."

"லெஸ்யாவா?"

"நாந்தான். கைய தளத்து."

"சிரிக்கிறாங்களா?"

"இப்ப இல்ல."

"கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கேன்."

"குளுருதுப்பா. வா."

"அவன் இதவிட ரொம்ப நேரம் நின்னான்டி."

நான் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரே தலையைக் குனிந்தார். உருவினேன். முகம் சிவந்திருந்தது, முடி கலைந்து குழந்தை மாதிரி நின்றது. சட்டையை மடித்து வெண்டலிடம் நீட்டினார்.

"இத தொங்க விடாத. அவன் பட்டி மாட்டலடா. நான் பாத்துட்டுத்தான் கேட்டேன்."

ரகசியமாகத்தான் சொன்னார். வெண்டல் கையில் மைக் இருந்தது.

வேறு ஊராக இருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. இங்கே விளக்கவே தேவையில்லை. பலகையைத் தட்டிய கால்கள் அப்படியே நின்றன. கேன்டீன் பெண் 'கதவு பர்கர்' பலகையைப் பார்த்தாள். குட்டிப் பையன் ஒருவன் கையைப் பின்னால் விட்டுத் தன் பட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவனைப் பார்த்து அடுத்தவனும்.

அப்பா வண்டியை எடுத்தார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் தெற்கே விட்டார். சரளைக்கல் பாதை வரும்போது பழக்கத்தில் திரும்பும் விளக்கைப் போட்டார். அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அணைத்தார். நேராகப் போனார்.

டயர் கடையில் வெளிச்சம் இருந்தது. அப்பா நிறுத்தவில்லை. ஊர் முடிகிற இடத்தில், தானியக் கிடங்கின் அருகே ஓரங்கட்டினார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"இன்னொரு நாளைக்கு வரலாம்" என்றார். "இன்னிக்கு சனிக்கிழம. அவனுக்கு வேல இருக்கும்."

"இருக்கும்."

"வந்து என்னன்னு சொல்ல?"

"தெரியலப்பா."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன்.

"போலாமா?"

அவர் தோள் ஒருமுறை இறுகியது. பிறகு தலையாட்டினார். கையுறைகளைக் கழற்றி எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தார். டயர் கடையை நோக்கி வண்டியைத் திருப்பினார்.