தொப்பியில் இருந்த கை

எங்கள் பட்டாலியனின் தொப்பிச் சின்னத்தில் ஒரு கோட்டைக் கதவு, அதன் குறுக்கே ஒரு சங்கிலி, சங்கிலியை இறுகப் பிடித்த ஒரு கை. கீழே நாடாவில் ‘பிடி விடாதே’ என்ற இரண்டு சொற்கள். புதிதாகச் சேர்கிறவன் முதல் வாரத்திலேயே இதன் கதையை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். கடற்கரைக் கோட்டை ஒன்றைத் தாக்கியபோது நம் சிப்பாய் ஒருவன் முதலில் உள்ளே புகுந்து, கதவு மூடிவிடாதபடி சங்கிலியைப் பிடித்து நின்றான். உடம்பெல்லாம் வெட்டு விழுந்தும் உயிர் போகும்வரை விடவில்லை. இதுதான் கதை. ஒரு வார்த்தை தவறினால் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கியபடி மைதானத்தைச் சுற்ற வேண்டும். இரண்டு வார்த்தை தவறினால் பயிற்சியாளரின் பெல்ட் கழலும். வைக்கோல் பொம்மையின் வயிற்றில் கத்தியைச் செருகித் திருகி இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு சொற்களையும் கத்த வேண்டும். கத்திக் கத்தி ரத்தமாகத் துப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதிகம் கத்தியதில்லை. நான் கிளார்க்.

சுபேதாராக ஓய்வுபெற்று இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறேன். அக்கம்பக்கத்தாருக்கு விண்ணப்பம் எழுதித் தருவது என் பொழுதுபோக்கு. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது தெரியாமல் விழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குள் எழும் சின்ன மகிழ்ச்சியைக் கட்டுப்படுத்த எந்த விதியும் இல்லை.

போன கோடையில் எங்கள் யூனிட்டில் நாயக் பதவியில் இருந்த ஒருவன் வந்தான். செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்துக்காரன். வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. வயிற்றில் கட்டி, அறுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வதுபோல் சொன்னான். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு இடம் பேசிவிட்டானாம். மாமல்லபுரத்தில் கல்லுக்கும் சொல்லிவிட்டான். கல்லில் சிலுவைக்குக் கீழே பட்டாலியன் சின்னம் வேண்டும். அவனுடைய பேட்ஜ் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டதால் சிற்பிக்குக் கை பிடிபடவில்லை. என்னுடையது வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தேய்ந்த பேட்ஜ்தான் மரியாதை. பித்தளை பாலிஷ் போட்டுப் போட்டு, கோட்டை வெறும் மேடாகவும் கை வெறும் வீக்கமாகவும் ஆகும்வரை தேய்ப்பார்கள். புதியவன் சிமென்டுத் தரையில் உரசிக் குறுக்குவழியில் சீனியர் ஆகப் பார்த்தால், கண்டுபிடித்தவர்கள் அவன் முகத்தையும் அதே தரையில் உரசுவார்கள். என் பேட்ஜ் மட்டும் அச்சிலிருந்து வந்த அன்று இருந்தபடியே இருந்தது. தப்பிக்க முடியாத அணிவகுப்புக்கு மட்டும்தான் அதை எடுத்துக் குத்துவேன்.

படைச் சின்னத்தைத் தனியார் பொறிக்க முன் அனுமதி வேண்டும் என்று விதியைச் சொன்னேன்.

“இன்னா சாப், இன்னும் ரூலு பேசிகினு கீறீங்க. பொதைச்சப்பறம் என்னத் தோண்டி எடுத்தா கோர்ட்டுல நிறுத்துவாங்க?”

பேட்ஜை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவனோடு கிளம்பினேன்.

அவன் கை போன விவரம் எனக்கு மனப்பாடம். அறிக்கையை மூன்று பிரதி டைப் செய்தது நான்தான். எல்லைச் சாவடியில் பதுங்குகுழிக்குள் எதிரியின் கையெறிகுண்டு வந்து விழுந்தது. இதற்கென்றே குழியின் மூலையில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். குண்டைக் காலால் அதில் தள்ளிவிட்டுக் கவிழ்ந்து படுக்க வேண்டும். பயிற்சி நூலில் படமே போட்டிருக்கிறது. இவன் கையில் எடுத்தான். எடுத்து வீசும்போது வெடித்தது. பக்கத்திலிருந்த இருவரில் ஒருவனுக்குக் கண் போயிற்று, மற்றவனுக்குத் தாடை போயிற்று. ஏன் உதைத்துத் தள்ளவில்லை என்று விசாரணையில் கேட்டதற்கு, பிடி விடக்கூடாது என்று பதில் சொன்னான். அதிகாரிகள் நெகிழ்ந்துபோனார்கள். நான் எழுத்துப் பிழை பார்த்தேன்.

சிற்பக் கூடத்தில் கட்டர் மெஷின்கள் அலறிக்கொண்டிருந்தன. சிற்பி முப்பது வயதுக்காரர், முகமூடி, கண்ணாடி, தலைமுதல் கால்வரை கல்மாவு. கல்லில் கதவும் சங்கிலியும் முடிந்திருந்தன. கை இருக்க வேண்டிய இடம் செதுக்காத முண்டாக நின்றது. என் பேட்ஜை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டு முடியும் இடத்தில் விரல் வைத்து நாயக்கிடம் கேட்டார்.

“அண்ணாத்த, இங்க ரெண்டு பொட்டு கீது. சட்டைப் பித்தானா?”

அவன் வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“பித்தான் இல்ல. எலும்பு,” என்றான். “எனக்கும் இப்பிடித்தான் தெரிஞ்சிச்சு.”

பிறகு என்னைப் பார்த்தான். “இது வெட்டுன கை சாப். நம்ம கதையில கைய யாரும் வெட்டலியே. பழைய பைலெல்லாம் உங்ககிட்டதான இருந்துச்சு. இன்னா இருந்துச்சு அதுல?”

செத்துக்கொண்டிருக்கும் ஒருவனிடம் பொய் சொல்வதற்கு ஒரு முறை இருக்கும். எனக்கு அது தெரியவில்லை. சொன்னேன்.

சங்கிலியைப் பிடித்தவன் நம் ஆள் இல்லை. அவன் அந்தக் கோட்டையின் கதவுக்காரன். உப்பளங்களுக்கு அப்பால் இருந்த சின்னக் கோட்டை அது. இன்று ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. உள்ளே குடும்பங்கள் இருந்தன. கதவு திறந்துவிடாமல் சங்கிலியைப் பிடித்துத் தொங்கியவனை நம் ஆட்கள் கதவின் பிளவு வழியாகக் குத்தினார்கள். விடவில்லை. பிளவைக் கோடரியால் பெரிதாக்கிக் கையை வெட்டினார்கள். கதவு திறந்தது. உள்ளே நடந்ததைப் பைலில் இருந்த தாள் ஒரே வரியில் முடித்திருந்தது: ஒருவரும் மிஞ்சவில்லை. கை மட்டும் சங்கிலியை விடாததால், வளையத்தோடு அறுத்தெடுத்து விருந்து நடந்த கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரத் தளபதி சாப்பாட்டு மேசையில் வைத்துப் படம் வரைந்தார். அந்தப் படம்தான் சின்னம்.

ரெக்ரூட்டுகளுக்கான கையேட்டைத் தயாரிக்கும்போது இதைப் பார்த்தேன். உரிய வழியில் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ‘வழக்கப்படி’ என்ற ஒரே சொல்லோடு திரும்பி வந்தது. வழக்கப்படி டைப் செய்தேன். இவன் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம்.

இதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. அறிக்கையைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

இடது கையால் அடித்தான். அந்த வயதில், அந்த உடம்பில் அத்தனை வலு இருக்கும் என்று நினைக்கவில்லை. பாதி செதுக்கிய நந்தியின் மேல் போய் விழுந்தேன். எழுவதற்குள் மறுபடி வாயிலேயே குத்தினான். மூன்றாவது முறை கல்லுளியை எடுத்தான். சிற்பி பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். என் பல் ஒன்று நாக்கில் கிடந்தது. வெள்ளை மாவில் என் ரத்தம் சொட்டிய இடமெல்லாம் உருண்டு நின்றது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“அந்த ரெண்டு வார்த்தைக்குத்தாண்டா குண்ட கையில எடுத்தேன். நீ டைப் அடிச்ச வார்த்தை. காலால தள்ளியிருந்தா அவனுங்க ரெண்டு பேரும் முழுசா இருந்திருப்பானுங்க.”

முப்பது வருடமாக என்னை ‘சாப்’ என்றவன். நாக்கில் கிடந்த பல்லை உள்ளங்கையில் துப்பினேன்.

உளியைக் கீழே போட்டுவிட்டுக் கல்லின் மேலேயே உட்கார்ந்தான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தான், மிச்சத்தை என்னிடம் நீட்டினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான். பிறகு கேட்டான்.

“அந்த ஆளு பேரு இன்னா?”

பைலில் இல்லை என்றேன். தளபதியின் குதிரைக்குப் பெயர் எழுதியிருந்தார்கள். அன்று அந்தக் கூடாரத்திலும் என்னைப்போல் ஒரு கிளார்க் இருந்திருப்பான்.

கல்லை என்ன செய்வது என்று சிற்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். கதவையும் சங்கிலியையும் மட்டும் விட்டுவிட்டு, கை இருக்கும் இடத்தைச் சமமாகத் தட்டிவிடலாம். பூ ஏதாவது போட்டுத் தரலாம் என்றார்.

“கைய போடு,” என்றான். “எலும்பு தெரியணும்.”

“கீழ அந்த எழுத்து?”

“போடு. அது அந்தாளோடது. நாமதான் தூக்கினு வந்துட்டோம்.”

“அப்ப உங்க பேரு, நம்பரு?”

“பின்னால போட்டுக்கோ. யாரும் பாக்காத பக்கமா.”

சிற்பி என் பேட்ஜைக் கல்லின் மேல் வைத்து அளவெடுத்தார். அந்த இரண்டு பொட்டுகளில் எது பெரியது என்று பித்தளையில் சரியாகத் தெரியவில்லை என்றார். நாயக் அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினான். “கட்டவிரல் பக்கம் பெருசு, சுண்டுவிரல் பக்கம் சிறுசு,” என்று சொல்லிக்கொண்டே இடது கையால் ஒரு வட்டம் போட்டான். கோணலாக வந்தது. உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி போட்டான்.